போய்ச் சேராத மருத்துவ ஆணைகள்

2020 அக்டோபரில் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், ஸ்போகேன் நகரிலுள்ள மான்-கிராண்ட்ஸ்டாஃப் முன்னாள் படைவீரர் மருத்துவமனை தன் பழைய கணினிமுறையைக் கைவிட்டு, செர்னர் நிறுவனத்தின் மின்னணு மருத்துவப் பதிவுமுறைக்கு மாறியது. 2018 மே மாதம் முன்னாள் படைவீரர் நலத்துறை ஏறத்தாழ 1,000 கோடி டாலருக்குக் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தின்படி அந்த முறையை ஏற்ற முதல் மருத்துவமனை அதுதான். கணினி அடியோடு நின்றுபோனால் செவிலியர் உடனே காகிதத்தை எடுத்துவிடுவார். ஸ்போகேனில் விளைந்த கேடு அப்படிக் கண்ணில் படவில்லை. வேலை முடிந்ததாகத் திரை காட்டியது, வேலை நடக்கவில்லை.

இரத்தப் பரிசோதனை, எக்ஸ்ரே, சிறப்பு மருத்துவரிடம் அனுப்புதல், மறுவருகை என மருத்துவர் இடும் ஆணை ஒவ்வொன்றும் உரிய பிரிவுக்குப் போய்ச் சேர வேண்டும். இடக் குறிப்பு பொருந்தாத ஆணைகளைப் புதிய மென்பொருள் 'அறியப்படாத வரிசை' என்ற ஓரிடத்தில் போட்டுவைத்தது. அங்கே ஆணை தேங்கிக் கிடப்பதாக மருத்துவருக்கு எச்சரிக்கை ஏதும் வரவில்லை. 2021 ஜூன் வரை 11,000-க்கும் மேற்பட்ட ஆணைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. நோயாளிகளுக்குத் தீங்கு நேர்ந்த 149 நிகழ்வுகளைத் துறையே இனங்கண்டது. வீடற்ற முன்னாள் வீரர் ஒருவர், தற்கொலை அபாயம் உள்ளவர் என்று ஏற்கெனவே குறிக்கப்பட்டவர். அவருக்கு மனநல மருத்துவர் இட்ட மறுவருகை ஆணையும் அந்த வரிசைக்கே போனது. யாரும் அவரை அழைக்கவில்லை. பின்னர் தற்கொலைத் திட்டத்தோடு அவரே நெருக்கடி உதவி எண்ணை அழைத்தார். மீட்கப்பட்டு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார்.

ஊழியர்கள் இடத்தைத் தவறாகத் தேர்ந்தார்கள், கூடுதல் பயிற்சி தந்தால் தீரும் என்று இதை விளக்கிவிட முடியாது. அப்படியொரு வரிசை இருப்பதையே நிறுவனம் துறைக்கு முன்கூட்டித் தெரிவிக்கவில்லை என்று துறையின் தலைமை ஆய்வாளர் அலுவலகம் 2022 ஜூலை அறிக்கையில் கண்டறிந்தது. இருப்பதே தெரியாத ஒன்றைக் கண்காணிக்க எந்தப் பயிற்சியும் உதவாது. பிழை வடிவமைப்பில் இருந்தது. பழியை விசைப்பலகைக்கு முன் அமர்ந்தவர்மேல் போடுவது அநீதி.

ஸ்போகேன் கைவிட்ட பழைய 'விஸ்டா' முறை 1970-களின் இறுதியிலிருந்து மருத்துவர்களும் நிரலர்களும் சேர்ந்து வார்டுகளுக்கு நடுவே வளர்த்தது. மருந்து கொடுக்கும் முன் நோயாளியின் கைப்பட்டையையும் மருந்தையும் பார்கோடால் சரிபார்க்கும் வழக்கம் அங்கே 1990-களில், கான்சஸின் டொபீகாவில் பணியாற்றிய செவிலியர் ஒருவரின் யோசனையில் பிறந்தது. விஸ்டாவுக்கும் குறைகள் உண்டு: 130 பிரதிகளாகப் பிரிந்து கிடந்தது, பராமரிக்கச் செலவு மிகுந்தது. படையில் இருந்தபோதும் ஓய்வுபெற்ற பின்னும் ஒரே பதிவு தொடர வேண்டும் என்ற புதிய முறையின் நோக்கமும் நியாயமானதே. ஆனால் நோயாளிக்கு அருகில் நின்றவர்கள் சேர்த்த காப்புகளை மாற்றத்தின்போது எண்ணிப் பார்த்து எடுத்துச் செல்லவில்லை என்பதே இக்கட்டுரையின் குற்றச்சாட்டு.

தலைமை ஆய்வாளர் அலுவலகத்தின் 2024 மார்ச் அறிக்கைகள் இதை இன்னும் கடுமையாகக் காட்டுகின்றன. ஒஹையோவின் கொலம்பஸில் மனநலச் சந்திப்புக்கு வராத நோயாளி ஒருவருக்கு வேறு நாள் குறிக்கும்படி ஊழியரைத் தூண்ட வேண்டிய பதிவு, புதிய மென்பொருளின் பிழையால் உரிய வரிசைக்கு வரவில்லை. சில வாரங்களில் அவர் போதைப்பொருள் தற்செயலாக அளவுமீறியதால் இறந்தார். சந்திப்புப் பிழையோடு போதாத மனநலப் பராமரிப்பும் சேர்ந்து அந்த மரணத்துக்குப் பங்களித்ததாக ஆய்வாளர்கள் எழுதினார்கள். இன்னொரு நிரல் பிழை மருந்துகளின் அடையாள எண்களைத் தவறாகப் பொதுத் தரவுக் களஞ்சியத்துக்கு அனுப்பியது. பழைய முறையிலேயே இயங்கிய மருத்துவமனைகளின் மருந்து-ஒவ்வாமைச் சோதனையும் இதனால் பழுதுபட்டது. ஏறத்தாழ 2,50,000 பேர் பாதிக்கப்பட்டிருக்கலாம். புதிய முறையைப் பார்த்தே இராத மருத்துவர்களும் அதன் பிழைக்குள் சிக்கினார்கள்.

2022-இல் செர்னரை ஆரக்கிள் வாங்கியது. 2023 ஏப்ரலில் துறை விரிவாக்கத்தை நிறுத்திவைத்தது. 2026-இல் மிச்சிகனின் நான்கு மருத்துவமனைகளில் தொடங்கி மீண்டும் விரிவாக்குவதாகப் பின்னர் அறிவித்தது. எத்தனை இடங்களில் எத்தனை நாளில் நிறுவினோம் என்பதை அளவுகோலாகக் கொள்வது போதாது. போய்ச் சேராத ஒவ்வொரு ஆணையும் அதை இட்டவரின் திரைக்கே திரும்பிவர வேண்டும். தேங்கிய ஆணைகளின் எண்ணிக்கையை ஒவ்வொரு மருத்துவமனையும் நாள்தோறும் பார்க்க வேண்டும். தெரிந்த குறைகளைத் தொடக்க நாளுக்கு முன்பே எழுத்தில் தரும் கடமை ஒப்பந்தத்தில் இடம்பெற வேண்டும்.