நெரிசலில்லா வேட்டைக்காடு: அமெரிக்க வான்கோழி வேட்டைக்காரர்கள் இடம் தேடும் விதம்

அமெரிக்காவில் வசந்தம் பிறந்தால் காட்டு வான்கோழி வேட்டையும் தொடங்கிவிடும். சொந்தக் காணி இல்லாதவர்களுக்குப் பொதுக்காணிகளே கதி. அந்நாட்டு வனச் சேவையின் கீழ் மட்டும் சுமார் 19 கோடி 30 இலட்சம் ஏக்கர் உள்ளது. அப்படியிருந்தும் பருவத்தின் முதல் வார இறுதியில் நெரிசல்தான். பெரும்பாலானோர் வாகனத் தரிப்பிடத்தை விட்டு அதிக தூரம் நடப்பதில்லை.

அனுபவசாலிகள் முதலில் வரைபடத்தைப் பார்க்கிறார்கள். வாகனம் போக முடியாதபடி மூடப்பட்ட பழைய மரவெட்டுப் பாதை, காலை நனைத்துக் கடக்க வேண்டிய ஓடை, செங்குத்தான சரிவு, யாரும் கவனிக்காத சிறு துண்டுக்காணி ஆகியவற்றையே தேடுகிறார்கள். நடக்க முடியாதவருக்கு நேரம் கைகொடுக்கும். விடியலில் சேவலைச் சுற்றிப் பேடுகள் நிற்பதால், பேட்டின் குரலில் வேட்டைக்காரர் எழுப்பும் அழைப்பொலிக்கு அது அசையாது. சற்று வெயில் ஏறியதும் பேடுகள் கூட்டுக்குப் போய்விட, தனித்த சேவல் குரல் வந்த பக்கம் வரும். அதற்குள் பலர் வீடு திரும்பியிருப்பார்கள். (சில மாநிலங்களில் நண்பகலோடு வேட்டை நேரம் முடிந்துவிடும்.)

நெரிசலில் உயிராபத்தும் உண்டு. உருமறைப்பு உடையில் ஒளிந்திருந்து கூப்பிடுபவரைப் பறவையென எண்ணிச் சுட்ட சம்பவங்கள் நடந்துள்ளன. வசந்தத்தில் சேவலின் தலை சிவப்பு, வெள்ளை, நீல நிறங்களில் இருக்கும் என்பதால் அந்நிறங்களை அணியக்கூடாது. சேவலின் குரலை நோக்கி ஊர்ந்து செல்வதும் ஆபத்து. கூவுவது மனிதராகவும் இருக்கலாம். தரிப்பிடத்தில் ஏற்கெனவே ஒரு வாகனம் நின்றால், விவரம் தெரிந்தவர் அடுத்த இடத்துக்குப் போய்விடுவார்.