காட்டுக்குள் ஓடியவர்களின் ஊசி

1510இல் அல்புகெர்க் கோவாவைப் பிடித்தார். போர்த்துக்கீசியருக்குக் கோட்டை கிடைத்தது, துறைமுகம் கிடைத்தது. வீட்டு வேலைக்கும் சுமை தூக்கவும் ஆள் தேவைப்பட்டது. அதற்கு அவர்கள் கண்ட வழி கொடூரமானது. மொசாம்பிக் முதலான கிழக்கு ஆப்பிரிக்கக் கரைகளிலிருந்து ஆணும் பெண்ணுமாகக் கப்பலேற்றிக் கொண்டுவந்து, கோவாவில் அடிமைகளாக விற்றார்கள். தலைமுறை தலைமுறையாக இந்த வியாபாரம் நடந்தது. பலர் அங்கேயே அடங்கிப்போனார்கள். சிலர் இருட்டோடு இருட்டாக ஓடினார்கள்.

ஓடியவர்களுக்கு ஒளிந்துகொள்ள மேற்குத் தொடர்ச்சி மலை இடம் கொடுத்தது. இன்றைய கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் எல்லாப்பூர், ஹலியாள், முண்டுகோடு காடுகளில் வாழும், ஆப்பிரிக்க வம்சாவளியினரான சித்திகளில் பலர் அவர்களின் வாரிசுகள்தாம். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த எல்லோருக்கும் ஒரே விதி அமையவில்லை. அடிமையாக வந்த மாலிக் அம்பர் அகமதுநகர் சுல்தானகத்தையே நடத்தினார். ஜஞ்சிரா கடற்கோட்டையைச் சித்தி நவாபுகள் ஆண்டார்கள். ஆனால், காட்டுக்குள் போனவர்களுக்கு வாய்த்தது கூலி வேலைதான். ஆனியில் பிடிக்கும் மழை ஆவணி வரை விடாது. நம் கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி, மேலே மார்கழியில் ஓர் இரவு தங்கியவர்களுக்கு மலைக்குளிர் எப்படி எலும்பில் இறங்கும் என்று தெரியும். கம்பளிக்குக் காசில்லை. வீட்டில் இருந்ததெல்லாம் கிழிந்த சேலையும் நைந்த சட்டையும்தான்.

கந்தலை அடுக்கித் தைப்பது அந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. கன்னட வீடுகளில் கௌதி உண்டு, மராத்தி வீடுகளில் கோதடி உண்டு. சித்திப் பெண்கள் கையிலும் ஊசி ஏறியது. ஆனால், அவர்கள் தைக்கத் தொடங்கிய இடம் வேறு.

வழக்கமான ஒட்டுப்போர்வைக்கு முதலில் துண்டுகளை இணைத்து மேல்துணி தயாராகும். நடுவில் பஞ்சு, அடியில் இன்னொரு துணி. எல்லாம் சேர்த்துத் தைத்த பிறகு ஓரத்துக்குத் தனியாகப் பட்டி கட்ட வேண்டும். சித்திப் பெண் இதையெல்லாம் ஒரே வேலையாக்கிவிட்டாள். பழைய சேலையைத் தரையில் விரிக்கிறாள். அதன் ஓரத்தையும் முதல் துண்டின் ஓரத்தையும் உள்ளே மடித்து, ஒரு மூலையில் ஊசியைக் குத்துகிறாள். கனமான பருத்தி நூல், நேரான ஓடுதையல். அடுத்த துண்டு முந்தையதன் மேல் லேசாக ஏறி உட்காரும். நான்கு ஓரமும் சுற்றி, பிறகு அதற்கு உள்வட்டம், இன்னும் உள்ளே என்று நகர்ந்து, கடைசித் தையல் நடுவில் விழும். தையல் எல்லா அடுக்கையும் பிடித்துக்கொள்வதால் பஞ்சும் வேண்டாம், பட்டியும் வேண்டாம், இயந்திரமும் வேண்டாம். வரைபடமும் கிடையாது, எந்த நிறத்துக்குப் பக்கத்தில் எந்த நிறம் என்பதைக் கண்தான் முடிவு செய்யும். கிறிஸ்தவ வீட்டில் சிலுவையும் முஸ்லிம் வீட்டில் பிறையும் அந்தத் துண்டுகளுக்கு நடுவே வந்து அமர்ந்தன. இப்படிப் பிறந்ததுதான் கவந்தி. வெயில் காலத்தில் அது மெத்தை, குளிரில் போர்வை. மலைக்கு வெளியே அதை விசாரிக்க நெடுங்காலம் ஆளில்லை.

2003இல் உத்தர கன்னடத்துச் சித்திகள் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கப்பட்டார்கள். அடுத்த ஆண்டே ஓர் அதிர்ஷ்டம். ஆப்பிரிக்கக் கலையை, குறிப்பாக யோருபா கலையை, ஆராய்ந்துவந்த விஸ்கான்சின் பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹென்றி ஜான் ட்ரூவல், ஆப்பிரிக்க வம்சாவளியினரைத் தேடி இந்தியா வந்தார். கவந்திகள் அவர் கண்ணில் பட்டன. அவருடைய முயற்சியும் சேர்ந்து, சித்திப் பெண்களுக்கென்று ஒரு கூட்டுறவு அமைப்பு உருவானது. 2011இல் நியூயார்க் ஹார்லெமில் உள்ள ஷோம்பர்க் மையத்தின் சுவர்களில் கவந்திகள் தொங்கின. கூலிக்காரப் பெண்களின் கந்தல் வேலையைக் கலை என்று ஒப்புக்கொள்ள உலகம் இத்தனை காலம் எடுத்துக்கொண்டது பெரும் அநீதி.

ஒரு கவந்தி முடிந்துவிட்டதா என்பதை அதன் நான்கு மூலைகள்தான் சொல்லும். அங்கே முக்கோணமாக மடித்த சிறு துணிகள் பூவாகத் தைக்கப்பட்டிருக்க வேண்டும். கதகதப்புக்கு அவற்றால் எந்தப் பயனும் இல்லை. ஆனாலும் பூ இல்லாத போர்வையைச் சித்திப் பெண்கள் முழுமையானதாக ஏற்பதில்லை.

பாத்திரக்காரரிடம் போடுவதற்கென்று பழஞ்சேலைகள் மூட்டையாகக் கிடக்கும் வீடுகள் நம் மலையூர்களிலும் உண்டு. அந்த மூட்டையிலிருந்து நாலு சேலையாவது கவந்தியாக மாற வேண்டும்.