பினாங்கில் பள்ளியும் நூல்நிலையமும்

பினாங்குத் தீவின் கல்வி வரலாற்றை எழுதப் புகுவோர் 1816ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 21ஆம் நாளையே தொடக்கமாகக் கொள்வர். ஆங்கிலத் திருச்சபைக் குருவாகிய இராபர்ட் ஸ்பார்க் ஹட்சிங்ஸ் பினாங்கு பிரீ ஸ்கூலைத் தோற்றுவித்த நாள் அது. 'பிரீ' என்பதைக் கட்டணமில்லாதது என்று மட்டும் பொருள் கொள்வார் உளர். இனமும் சமயமும் தடையாகாமல் எல்லார்க்கும் திறந்த பள்ளி என்பதே அப்பெயரின் உட்கருத்து. அங்கே ஒரு தமிழ் வகுப்பும் இடம் பெற்றது. 2016ஆம் ஆண்டில் மலேசியத் தமிழ்க் கல்விக்கு இருநூறாம் ஆண்டு விழா எடுக்கப்பட்டது அவ்வகுப்பை மனத்திற் கொண்டேயாகும்.

பள்ளி தோன்றிய மறு ஆண்டே, அதாவது 1817இல், அதே ஜார்ஜ் டவுனில் பினாங்கு நூல்நிலையம் தோன்றியது. பள்ளியின் கதவு எல்லார்க்கும் திறந்திருந்தது. நூல்நிலையத்தின் கதவோ சந்தா செலுத்துவோர்க்கே திறந்தது. ஆங்கில அலுவலரும் வணிகரும் தம் ஓய்வு நேரத்திற்கென அமைத்துக்கொண்ட நிலையம் அது. தமிழ் வகுப்பில் எழுத்துக் கூட்டிப் படித்த சிறுவனுக்கு அங்கே என்ன வேலை? படிக்கக் கற்பிக்கும் இடமும் படிப்பதற்கு நூல் தரும் இடமும் ஓராண்டு இடைவெளியில் ஒரே நகரில் பிறந்தும் ஒன்றையொன்று அறியாமலே வளர்ந்தன. பின்வந்த ஒன்றரை நூற்றாண்டில் தமிழ் மாணவன் பட்ட குறையை இந்த ஒரு செய்தியே விளக்கிவிடும்.

அத்தமிழ் வகுப்பு நெடுநாள் நீடிக்கவில்லை. அதற்குக் காரணங்கள் பலவாகலாம். ஆனால் அக்கால நூல்நிலையையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். தமிழகத்திலேயே அச்சகங்கள் பெரிதும் சமயத் தொண்டர்களிடமும் அரசிடமும் இருந்தன. 1835இல் மெட்காப் பிரபு அச்சுக் கட்டுப்பாடுகளை நீக்கிய பின்னரே நம்மவர் அச்சகங்கள் பெருகின. அதற்கு முன் திண்ணைப் பள்ளி மாணவனுக்கு நூல் என்பது பனையோலை; படிப்பு என்பது மனப்பாடம். எழுத்தறிந்த பிறகு தானே எடுத்துப் படிக்க ஒரு நூல் வேண்டும் என்னும் எண்ணமே அன்று அரிது.

பினாங்கில் அவ்வெண்ணத்திற்கு வழி வகுத்தது பள்ளியன்று, அச்சகமே. நாகூரில் 1833இல் பிறந்து, திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்ட குலாம் காதிறு நாவலர், 1883இல் இத்தீவில் 'வித்தியா விசாரிணி' என்னும் இதழை நடத்தினார். பின்னாளில் மதுரைத் தமிழ்ச் சங்கத்திலும் இடம் பெற்ற பெரும்புலவர் அவர். அத்தகையோர் கடல் கடந்து வந்து துறைமுக நகரொன்றில் இதழ் நடத்தினார் எனில், அதை வாங்கிப் படிப்போர் இங்கே இருந்தனர் என்பது தெளிவு. மார்க்கெட் தெருவிலும் சூலியா தெருவிலும் கடை வைத்திருந்தோரும் கணக்கெழுதியோரும் துறைமுகத்தில் பணி செய்தோரும் அவ்வாசகராய் இருந்திருத்தல் கூடும்.

தோட்டப்புறத்தின் நிலை வேறு. பள்ளி வயதுச் சிறார் பத்துப் பேருக்குக் குறையாத தோட்டங்களில் பள்ளி அமைக்க வேண்டும் என்று கூட்டு மலாய் மாநிலங்களின் தொழிலாளர் சட்டம் 1912இல் விதித்தது. பள்ளிகள் எழுந்தன, பாடநூல்கள் தமிழகத்திலிருந்து கப்பலேறி வந்தன. பாடநூலுக்கு அப்பால் ஏதேனும் இருந்தால் அது ஓர் அலமாரியில் இருந்தது; அலமாரிக்குப் பூட்டு இருந்தது; சாவி தலைமையாசிரியரிடம் இருந்தது. அவரைக் குறை கூறிப் பயனில்லை. ஒரு நூல் காணாமற் போயின் கணக்குக் காட்ட வேண்டியவர் அவரே. நூலைக் காப்பாற்றுவது கடமையாகிவிட்ட இடத்தில் நூலைக் கொடுப்பது துணிவுக்குரிய செயலாகிவிடுகிறது.

இந்தப் பூட்டை எதிர்த்து முறையாகப் பேசியவர் ஒரு தமிழரே என்பதை ஆசிரியப் பெருமக்கள் மாணவர்க்குச் சொல்லுதல் வேண்டும். சீர்காழியைச் சேர்ந்த சீ. இரா. அரங்கநாதன் சென்னை மாநிலக் கல்லூரியில் கணிதம் கற்பித்தவர். 1924இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் பதவியை ஏற்றார். மாணவரின் அரவமற்ற அந்தப் பணி அவருக்குச் சில நாட்களிலேயே கசந்தது. வகுப்பறைக்கே திரும்ப முயன்றார். பிறகு இலண்டனுக்குப் பயிற்சி பெறச் சென்றார். அங்கே கிராய்டன் நகர நூலகராகிய பெர்விக் சேயர்சின் வழிகாட்டுதலும், பொது மக்களும் சிறுவரும் தடையின்றி நூலெடுக்கும் காட்சியும் அவர் மனத்தை மாற்றின. திரும்பி வந்தவர் நூலடுக்குகளை வாசகர்க்குத் திறந்துவிட்டார். 1931இல் வெளிவந்த அவருடைய ஐந்து விதிகளுள் ஒன்று நூல் பயன்பாட்டிற்குரியது என்கிறது; வேறு இரண்டு, ஒவ்வொரு வாசகர்க்கும் ஏற்ற நூலும் ஒவ்வொரு நூலுக்கும் ஏற்ற வாசகரும் உண்டு என்கின்றன. அதே ஆண்டில் மன்னார்குடி வட்டாரத்துச் சிற்றூர்களுக்கு மாட்டுவண்டியில் நூல்கள் சென்றன. சந்தாதாரர் நூலை நாடிச் சென்ற 1817ஆம் ஆண்டு முறை தலைகீழாயிற்று.

'ஏற்ற நூல்' என்பதுதான் இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. திறந்த அடுக்கு மட்டும் போதாது. நூலையும் படிப்பவரையும் ஒருங்கே அறிந்த ஒருவர் இடையில் நிற்க வேண்டும். பொதுநூலகத்தில் அவர் நூலகர். பள்ளியில் அவர் ஆசிரியரே.

மலாயாவில் அப்பணியைச் சிறிது காலம் நாளேடுகள் செய்தன. 1950ஆம் ஆண்டையொட்டித் தமிழ் நேசனில் சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் நடத்திய கதை வகுப்பு, எழுதப் பழகியோர்க்குப் பயிற்சிக் களமாயிற்று. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் சிறுவரைப் படிக்கவும் எழுதவும் ஈர்த்தது. அவற்றினும் நினைவிற் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையும் வேளையில் வடமொழிக்கா தமிழுக்கா முதன்மை என்னும் வாதம் எழுந்தது. முரசின் ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காக வாதாடியதோடு நில்லாமல், துறைக்கு வேண்டிய நூல்களை வாங்கத் 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி கேட்கப்பட்டது. தாம் ஒருநாளும் நுழைய இயலாத பல்கலைக்கழக நூலகத்திற்காகத் தொழிலாளரும் வெள்ளி கொடுத்தனர். 1817இல் சந்தா செலுத்தியவர் தாம் படிக்கச் செலுத்தினார். இவர்களோ பிறர் படிக்கச் செலுத்தினர்.

ஆயினும் பல்கலைக்கழகத்திற்கும் தமிழ்ப்பள்ளிக்கும் இடையே ஒரு பள்ளம் இருந்தது, இன்றும் இருக்கிறது. தமிழ்ப்பள்ளி ஆறாம் ஆண்டோடு முடிகிறது. இடைநிலைப் பள்ளியில் தமிழ் ஒரு பாடமாக மட்டுமே நிற்கிறது; அங்குள்ள நூலகத்தில் தமிழ் நூல்கள் ஒரு மூலையைப் பெற்றாலே பெரிது. 1983இல் பள்ளி நூலகங்கள் 'வளமையம்' என்று புதுப் பெயர் பெற்றன. 1990களின் இறுதியில் கல்வி அமைச்சு 'நீலாம்' என்னும் வாசிப்புத் திட்டத்தைக் கொண்டுவந்தது. படித்த நூல்களைப் பதிவேட்டில் குறிப்பது அதன் ஒரு படிநிலை. பிறரைப் படிக்கத் தூண்டும் 'வாசிப்புத் தோழர்' மற்றொரு படிநிலை. பதிவேட்டின் எண்ணிக்கை எளிதில் அளக்கக்கூடியது. ஆதலால் அதுவே முன்னின்றது. தோழரை அளக்க எந்தக் கோலும் இல்லை. ஆதலால் அவர் பின்தங்கினார். அரங்கநாதன் இருந்திருப்பின் இரண்டாவதையே முதலாவதாக வைத்திருப்பார் என்று துணிந்து சொல்லலாம்.

பினாங்கில் நூல் விழாக்களுக்கு இன்று குறைவில்லை. 2011 முதல் நடைபெற்றுவரும் ஜார்ஜ் டவுன் இலக்கிய விழா 2018இல் இலண்டன் புத்தகக் காட்சியின் விருதினைப் பெற்றது. பிரீ ஸ்கூல் 1928இல் கிரீன் லேனுக்கு இடம் பெயர்ந்தது. அப்பள்ளியை ஒட்டியே 2016இல் பினாங்கு மின்னூலகம் திறக்கப்பட்டது. ஆக, பள்ளியும் நூல்நிலையமும் இருநூறாண்டுக்குப் பின் அண்டை வீடுகளாயின. அங்கே சந்தா இல்லை, பூட்டிய அலமாரியும் இல்லை. அங்குள்ள திரைக்கு முன் வந்து அமரும் தமிழ் மாணவன் எந்த நூலின் பெயரைத் தேடுவான் என்பது, அன்று காலை வகுப்பில் அவன் ஆசிரியர் எந்த நூலைப் பற்றிப் பேசினார் என்பதைப் பொறுத்தது.