நெற்றி கொதிக்குது, கால் மட்டும் ஜில்லுனு இருக்கு... அடிக்கடி காய்ச்சல் வரும் குழந்தைக்கு ரத்த ஓட்டத்தில் பிரச்சனையா?

"உடம்பு நெருப்பா கொதிக்குது டாக்டர், ஆனா உள்ளங்காலைத் தொட்டா ஐஸ் மாதிரி இருக்கு." குழந்தைகள் நல மருத்துவர்கள் அடிக்கடி கேட்கும் வாக்கியம் இது. திருவையாறு, தஞ்சாவூர் பக்கம் ஐப்பசி, கார்த்திகை மழை தொடங்கிவிட்டால் இன்னும் அதிகமாகக் கேட்கும். பெரும்பாலான நேரம் இதில் பயப்பட ஒன்றுமில்லை. ஆனால் மூணு நாலு வாரத்துக்கு ஒருமுறை கணக்கு வைத்தமாதிரி காய்ச்சல் வரும் குழந்தை என்றால், கை கால் எப்போது ஜில்லிடுகிறது என்பதைக் கொஞ்சம் கூர்ந்து பார்க்க வேண்டும். ஏன் என்று பார்ப்போம்.

காய்ச்சல்னா சூடுதானே, கை கால் ஏன் ஜில்லுனு ஆகுது?

மூளையில் ஹைப்போதலாமஸ் என்ற சின்னப் பகுதிதான் உடம்பின் வெப்பத்தை முடிவு செய்கிறது. காய்ச்சல் தொடங்கும்போது அது அளவை 37 டிகிரி செல்சியஸில் இருந்து 39, 40 என்று ஏற்றி வைத்துவிடும். அந்த வெப்பத்தை எட்ட உடம்பு இருக்கிற சூட்டை வெளியே விடாமல் சேமிக்கப் பார்க்கும். அதற்காகத் தோலுக்கும் கை கால் நுனிகளுக்கும் போகும் ரத்தக் குழாய்களைச் சுருக்கிவிடும். ரத்தம் உள்பக்கம் தங்கும். அதனால்தான் நெற்றியும் வயிறும் சுடும், விரல்கள் மட்டும் குளிர்ந்து கிடக்கும். குழந்தை நடுங்கும், உதடு லேசாகக் கறுத்தமாதிரி தெரியும். சில குழந்தைகளுக்குத் தொடையில், கையில் வலை பின்னியது போலக் கோடுகள்கூடத் தெரியும்.

காய்ச்சல் உச்சிக்குப் போனதும் குழாய்கள் மறுபடி விரியும், கை கால் சூடாகிவிடும், அந்த வலைக்கோடும் மறையும். இது நோய் இல்லை, உடம்பின் ஏற்பாடு. கால் குளிர்கிறதே என்று இரண்டு போர்வை, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டு மூடுவதுதான் தப்பு. உள்ளே இருக்கும் சூடு இன்னும் ஏறும்.

மாதாமாதம் வரும் காய்ச்சல்

தமிழில் 'முறைக்காய்ச்சல்' என்று ஒரு பழைய சொல் உண்டு. விட்டு விட்டு, முறை வைத்து வரும் காய்ச்சல். அந்தக் காலத்தில் பெரும்பாலும் மலேரியாவைத்தான் அப்படிச் சொன்னார்கள். இப்போது மருத்துவர்கள் சொல்லும் 'பீரியாடிக் ஃபீவர்' வேறு. இதில் கிருமியே கிடையாது. உடம்பின் எதிர்ப்பு சக்தி, எதிரி யாரும் வராமலேயே தானாக அலாரம் அடிக்கிறது.

குழந்தைகளிடம் அதிகம் பார்க்கப்படுவது பி.எஃப்.ஏ.பி.ஏ என்ற வகை. 1987ல் அமெரிக்காவில் கேரி மார்ஷல் என்ற மருத்துவரும் அவருடைய சகாக்களும் முதன்முதலில் எழுதி வைத்தது. பொதுவாக 5 வயதுக்குள் தொடங்கும். மூன்று முதல் ஆறு நாள் வரை கடும் காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண், கழுத்தில் நெறிகட்டுதல். பிறகு தானாகவே இறங்கிவிடும். அடுத்த மூணு நாலு வாரம் குழந்தை ஜோராக ஓடியாடும், எடை கூடும், உயரம் வளரும். மறுபடி காய்ச்சல். ஒவ்வொரு தடவையும் 'தொண்டை இன்ஃபெக்ஷன்' என்று ஆன்டிபயாட்டிக் சிரப் வாங்கிக் கொடுத்து, வருஷத்துக்குப் பத்துப் பன்னிரண்டு பாட்டில் தீர்ந்த பிறகுதான் பல வீடுகளில் சந்தேகமே வரும்.

நல்ல செய்தி என்னவென்றால், பி.எஃப்.ஏ.பி.ஏ ரத்தக் குழாய்களைக் கெடுப்பதில்லை. காய்ச்சல் ஏறும் நேரத்தில் கை கால் குளிர்வது மேலே சொன்ன அதே காரணத்தால்தான். பெரும்பாலான குழந்தைகளுக்குப் பத்து வயதை ஒட்டி காய்ச்சல் தானாக நின்றுபோகும்.

அப்போ பிரச்சனை எங்கே?

பிரச்சனை 'இது வழக்கமா வர்றதுதான்' என்ற பழக்கத்தில் இருக்கிறது. காவிரி டெல்டாவில் வடகிழக்குப் பருவமழைக் காலம் டெங்கு காலமும்கூட. வயலில் நிற்கும் தண்ணீரில் அந்தக் கொசு வளர்வதில்லை. வீட்டுத் தொட்டி, டயர், தேங்காய் சிரட்டை, ஃபிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, இங்கேதான் வளரும்.

இப்போது நாள் கணக்கைக் கவனியுங்கள். பி.எஃப்.ஏ.பி.ஏ காய்ச்சல் நாலாவது, ஐந்தாவது நாள் இறங்கும். டெங்குவிலும் காய்ச்சல் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள் இறங்கும். இரண்டும் ஒரே நாளில் வந்து நிற்கின்றன. ஆனால் டெங்குவில் ஆபத்து தொடங்குவதே காய்ச்சல் இறங்கிய பிறகுதான். ரத்தக் குழாய்களில் இருந்து நீர்ப்பகுதி வெளியே கசியும். ரத்தத்தின் அளவு குறையும். இதயத்துக்கும் மூளைக்கும் கொடுக்க வேண்டும் என்பதற்காகக் கை காலுக்குப் போகும் ரத்தத்தை உடம்பு நிறுத்தும். அப்போது கை கால் ஜில்லிட்டு, பிசுபிசுவென்று வியர்க்கும். இதே கட்டத்தில் கவனிக்காமல் விட்டால் குழந்தை 'ஷாக்' நிலைக்குப் போய்விடும். இந்த அபாய நேரம் பெரும்பாலும் 24 முதல் 48 மணி நேரம்.

ஆக, காய்ச்சல் ஏறும்போது கால் ஜில்லுனு இருந்தால் கவனித்துக்கொண்டே இருக்கலாம். காய்ச்சல் விட்ட பிறகு கால் ஜில்லுனு இருந்தால் காத்திருக்கவே கூடாது. முறைக்காய்ச்சல் உள்ள குழந்தை காய்ச்சல் விட்டதும் எழுந்து உட்கார்ந்து இட்லி கேட்கும். டெங்கு குழந்தை துவண்டு கிடக்கும், வயிறு வலிக்குது என்று அழும், வாந்தி நிற்காது, ஆறு மணி நேரமாக மூத்திரம் போயிருக்காது. பல் ஈறிலோ மூக்கிலோ ரத்தம் வந்தாலும் அதே அவசரம்தான்.

வீட்டிலேயே செய்யக்கூடிய ஒரு சோதனை உண்டு. குழந்தையின் கையை நெஞ்சு மட்டத்துக்குத் தூக்கி, விரல் நுனியை ஐந்து விநாடி அழுத்திவிட்டு விடுங்கள். வெளுத்த இடம் இரண்டு, மூன்று விநாடிக்குள் பழைய நிறத்துக்கு வரவேண்டும். அதைவிடத் தாமதமானால் ரத்த ஓட்டம் குறைந்திருக்கலாம். மாநிறம், கறுப்பு நிறக் குழந்தைகளுக்குத் தோலில் நிறமாற்றம் சட்டென்று தெரியாது. நகம், உள்ளங்கை, உள்ளங்கால், உதட்டின் உள்பக்கம் பாருங்கள். சோதனை சரியாக இருந்தும் குழந்தை சோர்ந்து கிடந்தால் சோதனையை நம்பாதீர்கள், குழந்தையை நம்புங்கள்.

நிஜமாகவே ரத்தக் குழாயைத் தாக்கும் வகை

அபூர்வம்தான், ஆனால் இருக்கிறது. டி.ஏ.டி.ஏ-2 என்று பெயர். விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். கூடவே தோலில் வலைப்பின்னல் கோடுகள். இந்தக் கோடுகள் உடம்பு சூடானாலும் முழுசாக மறையாது, காய்ச்சல் இல்லாத நாளிலும் இருக்கும். சில பேருக்கு விரல் நுனி கறுத்துப் புண்ணாகும். ரொம்பக் கொடுமையானது பக்கவாதம். ஐந்து வயதுகூட ஆகாத குழந்தைக்கே ஒரு பக்கக் கை கால் விழுந்துவிடலாம், வாய் கோணலாம், ஒரு கண் உள்நோக்கித் திரும்பலாம்.

ஏ.டி.ஏ-2 என்ற நொதியை உருவாக்கும் மரபணுவில் உள்ள கோளாறுதான் காரணம். 2014ல் அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனத்தின் குழுவும் ஜெருசலேம் மருத்துவர்களின் குழுவும் தனித்தனியாக இதைக் கண்டுபிடித்து ஒரே சமயத்தில் வெளியிட்டார்கள். அதுவரை இந்தக் குழந்தைகளுக்குப் 'பாலிஆர்டெரைடிஸ் நோடோசா' என்ற ரத்தக்குழாய் அழற்சி என்றோ, காரணம் தெரியாத பக்கவாதம் என்றோதான் எழுதிக்கொண்டிருந்தார்கள்.

இது எங்கேயோ வெளிநாட்டு நோய் என்று நினைக்க வேண்டாம். 2021ல் சண்டிகர் பி.ஜி.ஐ மருத்துவர்கள் முன்னின்று, இந்தியாவில் இந்த நோய் கண்டறியப்பட்ட 33 பேரைப் பற்றிய ஆய்வை வெளியிட்டார்கள். குழந்தைகளும் உண்டு, பெரியவர்களும் உண்டு. அவர்களில் பலர் வட இந்தியாவின் அகர்வால் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். ஒரே வட்டத்துக்குள் தலைமுறை தலைமுறையாகத் திருமணம் செய்யும்போது ஒரே மரபணுக் கோளாறு இரு பக்கமும் இருக்க வாய்ப்பு கூடும். அப்பா, அம்மா இருவரிடமும் அது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர 25 சதவீதம் வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் திருமணம் நம்ம ஊரில் சாதாரணம். அதனால் மருத்துவர் "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டால் கோபப்படாமல் பதில் சொல்லுங்கள். அது விசாரணை இல்லை, நோய் கண்டுபிடிக்க ஒரு துப்பு.

சிகிச்சை இருக்கிறது. டி.என்.எஃப் என்ற அழற்சிப் பொருளைத் தடுக்கும் ஊசிகள் பக்கவாதம் திரும்ப வராமல் பெருமளவு காப்பாற்றுகின்றன. ஒரு முக்கியமான விஷயம்: பக்கவாதம் என்றதும் கொடுக்கும் ஆஸ்பிரின் போன்ற மருந்துகளை இந்த நோயில் மருத்துவர்கள் தவிர்க்கப் பார்ப்பார்கள், மூளையில் ரத்தக்கசிவு ஏற்படும் அபாயம் இருப்பதால். நோயின் சரியான பெயர் தெரிவது அதனால்தான் அவசியம்.

எஃப்.எம்.எஃப் என்ற மத்தியதரைக்கடல் காய்ச்சல் இன்னொரு வகை. வயிற்று வலி, நெஞ்சு வலியோடு காய்ச்சல் வரும், ஓரிரு நாளில் போய்விடும். இவர்களுக்கும் ரத்தக்குழாய் அழற்சி மற்றவர்களைவிட அதிகம் வருகிறது. இதற்கான மருந்து கோல்சிசின். அது எதில் இருக்கிறது தெரியுமா? நம்ம மாநில மலர் செங்காந்தளில். வேதாரண்யம் பக்கம் கண்வலிக்கிழங்கு என்பார்களே, அதேதான். ஆனால் அந்தக் கிழங்கும் விதையும் கொடிய விஷம். மருந்து ஆச்சே என்று யாரும் வீட்டில் கை வைத்துவிடக் கூடாது.

மருத்துவரிடம் போகும்போது என்ன எடுத்துப் போகணும்?

வீட்டில் தொங்கும் தினசரி காலண்டரே போதும். காய்ச்சல் வந்த நாள், விட்ட நாள், எத்தனை டிகிரி, வாய்ப்புண் இருந்ததா, கை கால் குளிர்ந்தது ஏறும்போதா இறங்கும்போதா என்று தாளில் குறித்து, கிழித்துச் சேர்த்து வையுங்கள். நாலைந்து மாதக் குறிப்பு பல பரிசோதனைகளைவிட அதிகம் பேசும். தோலில் கோடு தெரிந்தால் பகல் வெளிச்சத்தில் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் அது மறைந்துபோவதுதான் வழக்கம்.

காய்ச்சல் உள்ளபோதும் இல்லாதபோதும் இ.எஸ்.ஆர், சி.ஆர்.பி ரத்தப் பரிசோதனை கேட்பார்கள். பி.எஃப்.ஏ.பி.ஏ என்றால் இடைப்பட்ட நாளில் இரண்டும் இயல்பாக இருக்கும். அப்போதும் அதிகமாகவே இருந்தாலோ, குழந்தை வளராமல் இருந்தாலோ, மரபணுப் பரிசோதனை வரை போக வேண்டிவரும்.

பி.எஃப்.ஏ.பி.ஏ குழந்தைக்கு ஒரே ஒரு வேளை ஸ்டீராய்டு மருந்து கொடுத்தால் சில மணி நேரத்தில் காய்ச்சல் அடங்கிவிடும். மந்திரம் போட்டமாதிரி இருக்கும். அதனாலேயே போன மாதச் சீட்டை வைத்து மெடிக்கலில் வாங்கித் தாங்களே கொடுக்கும் பெற்றோர் உண்டு. தயவுசெய்து வேண்டாம், அதுவும் மழைக்காலத்தில். இந்தத் தடவை வந்தது டெங்குவா, வேறு கிருமியா என்று பார்க்காமல் கொடுத்தால் நோய் மறைந்து நின்று வளரும். டெங்கு சந்தேகம் தீரும்வரை ஆஸ்பிரின், ஐபுபுரூஃபன் இரண்டும் கூடாது. பாராசிட்டமால் மட்டும், எடைக்கு ஏற்ற அளவில்.

திருவையாற்றில் இருந்து தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையும் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் அரை மணி நேரத் தொலைவுதான். குழந்தைகளுக்கான அழற்சி நோய்ச் சிகிச்சைக்கு அங்கிருந்து சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை, புதுச்சேரி ஜிப்மர், வேலூர் சி.எம்.சி போன்ற இடங்களுக்கு அனுப்பக்கூடும். சந்தேகம் கேட்க 104. காய்ச்சல் விட்டும் கை கால் குளிர்ந்து குழந்தை துவண்டாலோ, ஒரு பக்கம் கை கால் அசையாமல் போனாலோ, பேருந்துக்கு நிற்காமல் 108ஐ அழையுங்கள்.