கஃபாவின் அயலவர்கள்: முதுமையில் மக்காவில் குடியேறியோர் பற்றி

முஜாவிர் என்ற அரபுச் சொல்லுக்கு அயலவர் என்பது பொருள். தமிழ்நாட்டுத் தர்காக்களில் பணி செய்வோரை முஜாவர் என்று அழைப்பது நம்மில் பலருக்குத் தெரிந்ததே. மக்காவின் வரலாற்றில் இச்சொல் வேறொரு கூட்டத்தாரைக் குறித்தது. ஹஜ்ஜுக் கடமை முடிந்த பின்னரும் ஊர் திரும்பாமல், கஃபாவின் அயலிலேயே தங்கிவிட்டவர்கள் அவர்கள். சிலர் ஓரிரு வருடங்கள் தங்கினர். சிலர் கல்விக்காகத் தங்கினர். இன்னும் சிலர் உழைத்து முடித்து, பிள்ளைகளைக் கரைசேர்த்து, எஞ்சிய நாட்களை அங்கே கழித்து அங்கேயே மௌத்தாக வேண்டும் என்ற நிய்யத்தோடு வந்தனர். இக்கட்டுரை முக்கியமாக அந்தக் கடைசிக் கூட்டத்தாரைப் பற்றியது.

ஆசிரிய கலாசாலையில் நான் வரலாறு படித்த நாட்களில் அரசர்களும் போர்களும் உடன்படிக்கைகளுமே பாடமாக இருந்தன. வயதான மனிதர்கள் எங்கே போனார்கள், எப்படி வாழ்ந்தார்கள் என்று எந்தப் பாடமும் சொல்லவில்லை. இன்று எங்கள் கிராமத்தில் ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் எழுதுவினைஞர்களும் பிள்ளைகளைத் தேடிக் கனடாவுக்கும் இங்கிலாந்துக்கும் அவுஸ்திரேலியாவுக்கும் போகிறார்கள். இது நம் காலத்தில் தோன்றிய புதுமை என்றே பலரும் எண்ணுகிறோம். ஆனால் முதுமையில் அந்நிய மண்ணில் வேரூன்ற முயன்றவர்களின் கதை முஸ்லிம் சமூகங்களில் மிகப் பழையது. அதில் நாம் கற்க நிறையவே இருக்கிறது.

முஜாவிர்களில் பேர்பெற்றவர் குவாரிஸ்ம் நாட்டு அறிஞர் ஸமக்ஷரி. 1075இல் பிறந்த அவர் மக்காவில் தங்கிய காரணத்தால் 'ஜாருல்லாஹ்', அதாவது அல்லாஹ்வின் அயலவர், என்ற பட்டத்தைப் பெற்றார். அல்-கஷ்ஷாப் என்னும் தப்ஸீரை அங்கிருந்தே எழுதினார். ஆயினும் 1144இல் அவர் மரணமானது மக்காவில் அல்ல, சொந்த நாடான குவாரிஸ்மில். அயலவர் என்ற பட்டம் பெற்றவரையும் கடைசியில் ஊர் அழைத்துக்கொண்டது.

இப்படிக் குடியேறுவது நல்லதா என்பதில் உலமாக்களிடையே ஒருமித்த கருத்து இருக்கவில்லை. இமாம் அபூஹனீபா (றஹ்) அதனை விரும்பவில்லை. பாவத்தில் விழுந்துவிடும் அச்சம் இல்லாதவர்க்கு அது விரும்பத்தக்கதே என்பது ஷாபிஈ மத்ஹபின் இமாம் நவவி (றஹ்) அவர்களின் கருத்து. இஹ்யா உலூமித்தீனில் இமாம் கஸ்ஸாலி (றஹ்) இதை விரும்பாதோரின் காரணங்களை மூன்றாக வகுத்திருக்கிறார். பழகப் பழகப் புனித இல்லத்தின் மீதுள்ள மதிப்புக் குறைந்து சலிப்புத் தட்டலாம் என்பது ஒன்று. பிரிந்து சென்றால்தான் மீண்டும் வரும் ஏக்கம் உள்ளத்தில் உயிரோடு இருக்கும் என்பது இரண்டாவது. அவ்விடத்தில் செய்யும் பாவத்தின் பாரம் பெரிது என்பது மூன்றாவது. ஹஜ்ஜு முடிந்ததும் யெமன்காரர்களை யெமனுக்கும் ஷாம்காரர்களை ஷாமுக்கும் போகச்சொல்லி உமர் (ரழி) அவர்கள் வற்புறுத்தி வந்ததாகவும் அங்கே சொல்லப்படுகிறது.

இவை வெறும் மார்க்கச் சட்ட விவாதங்கள் அல்ல என்பது என் எண்ணம். தூரத்தில் இருந்து நேசித்த ஓரிடத்தில் தினமும் வாழ நேரும்போது மனிதனுக்கு என்ன ஆகிறது என்ற கேள்வி அவற்றின் அடியில் கிடக்கிறது. வெளிநாடு சென்ற எந்த முதியவரும் இந்தக் கேள்வியைச் சந்தித்தே ஆகவேண்டும்.

19ஆம் நூற்றாண்டின் நீராவிக் கப்பல்கள் நிலைமையை மாற்றின. 1869இல் சூயஸ் கால்வாய் திறக்கப்பட்ட பின்னர் இந்து சமுத்திரத்திலிருந்து செங்கடலுக்கான போக்குவரத்துப் பெருகியது. அறிஞரும் செல்வந்தரும் மட்டுமன்றிச் சாதாரண விவசாயியும் சிறு வியாபாரியும் மக்காவுக்கு வந்தனர். அவர்களில் கிழக்கிந்தியத் தீவுகளையும் மலாய்க் குடாநாட்டையும் சேர்ந்தோரை மக்காவாசிகள் 'ஜாவா' என்று ஒரே பெயரால் அழைத்தனர். நம் நாட்டிலும் மலாயரை ஜாவா மனிதர் என்றழைத்த வழக்கம் இருந்ததையும், கொழும்பு கொம்பனித்தெருவில் ஜாவா லேன் இருப்பதையும் வாசகர் அறிவர்.

1885இல் சுமார் ஆறு மாதங்கள் மக்காவில் தங்கியிருந்த ஒல்லாந்த அறிஞர் ஸ்னூக் ஹுர்க்ரோன்யே இந்த ஜாவா சமூகத்தைப் பற்றி விரிவாக எழுதினார். அவரது நூல் 1888, 1889ஆம் ஆண்டுகளில் இரு பாகங்களாக வெளிவந்தது. அவர் பின்னாளில் ஒல்லாந்தக் காலனித்துவ அரசின் ஆலோசகராகி, ஆச்சே யுத்தத்தில் அவ்வரசுக்கு வழிகாட்டியவர். ஆகவே அவர் கண்ணால் காண்பதில் எச்சரிக்கை வேண்டும். எனினும் அன்றாட வாழ்க்கையை அவரளவு நுணுக்கமாகப் பதிந்தவர் அரிது.

முதுமையில் வந்த ஜாவாக்காரர் மக்காவில் இறங்கினாலும், உண்மையில் மக்காவுக்குள் இருந்த இன்னொரு ஜாவாவில்தான் குடியேறினார். அங்கே மலாய் மொழி பேசப்பட்டது. அவர்களோடு வியாபாரம் செய்த மக்காக் கடைக்காரர்களும் அந்த மொழியைக் கற்றிருந்தனர். ஹாஜிகளுக்கு வழிகாட்டும் ஷெய்குமார் வீடு பிடித்துக் கொடுத்தனர், ஸியாரத்துக்கு அழைத்துச் சென்றனர், அதற்காகப் பணமும் பெற்றனர். புதிதாக வந்த முதியவர் அவர்களது பேச்சை நம்பியே வாழவேண்டியிருந்ததால் ஏமாற்றப்பட்டவர்களும் உண்டு. செலவுக்குப் பணம் ஊரிலிருந்து வந்தது. காணியின் விளைச்சலும் பிள்ளைகளின் அன்பளிப்பும் அடுத்த ஹஜ்ஜுக் காலக் கப்பலில் வரும். கப்பல் தாமதித்தால் கடன்தான். ஊரை விட்டு வந்தவரின் ஜீவனம் ஊரிலேயே தங்கியிருந்தது.

கேட்டு வாங்கும் நிலையில் இல்லாமல் கொடுக்கும் நிலையில் வாழ்ந்தவர்களும் இருந்தனர். 1813இல் ஜாவாவின் பன்தன் பிரதேசத்தில் பிறந்த ஷெய்கு நவவி அல்-பன்தனி அவர்களுள் ஒருவர். மேலே கூறிய இமாம் நவவி வேறு, இவர் வேறு. மக்காவில் குடியேறிய இவர் 1897இல் அங்கேயே வபாத்தாகும் வரை கற்பித்தும் எழுதியும் வந்தார். ஷாபிஈ மத்ஹபினரிடையே இவரது நூல்கள் இன்றும் அறியப்பட்டவை. 1857ஆம் ஆண்டுக் கிளர்ச்சிக்குப் பின் இந்தியாவிலிருந்து தப்பி வந்த ஹாஜி இம்தாதுல்லாஹ்வும் மௌலானா ரஹ்மதுல்லாஹ் கைரானவியும் இவ்வரிசையினர். பின்னவரின் சொத்துக்களை ஆங்கில அரசு பறிமுதல் செய்திருந்தது. அவர் மக்காவில் 1870களில் ஒரு மத்ரஸாவை அமைத்தார். அதற்குப் பொருள் கொடுத்த கல்கத்தாப் பெண்மணி ஸௌலதுன்னிஸாவின் பெயராலேயே அது ஸௌலதிய்யா என்று வழங்குகிறது. கைரானவி 1891இலும் இம்தாதுல்லாஹ் 1899இலும் மக்காவிலேயே காலமாயினர். அகதியாக வந்து ஆசிரியராக வாழ்ந்தவர்கள் இவர்கள். கற்பிப்பதற்கு ஒருவர் இருக்கும்வரை ஆசிரியனுக்கு ஊர் அந்நியமாவதில்லை என்பதை இவர்களிடம் காண்கிறேன்.

வசதியற்ற முதியவர்களுக்கு ரிபாத்துகள் இருந்தன. வக்பு செய்யப்பட்ட தங்குமிடங்கள் இவை. யாத்திரிகருக்கும் ஏழைகளுக்கும் வாடகையின்றி இடம் கொடுத்தன. பல ரிபாத்துகள் குறித்த ஒரு நாட்டாருக்கோ ஊராருக்கோ என வரையறுக்கப்பட்டிருந்தன. ஹைதராபாத் நிஸாமின் ரிபாத்தும், மலபாரில் தலச்சேரியைச் சேர்ந்த மாயன்குட்டி கேயியின் ரிபாத்தும் இவற்றில் பேர்போனவை. கேயி ரிபாத் ஹரம் விஸ்தரிப்புக்காக 1971இல் இடிக்கப்பட்டது. அதற்கான நட்டஈடு 14 இலட்சம் றியால் சவூதி அரச திறைசேரியில் வைப்பிலிடப்பட்டதாகவே செய்திகள் கூறின. உரிமையாளர் யார் என்ற வழக்காடல் பல தசாப்தங்களாக நீண்டது. முதியவருக்கு நிழல் கொடுத்த கட்டடம் போய், அதன் கணக்கு மட்டும் எஞ்சியது.

ஈமான் ஒன்றாக இருந்தாலும் காகிதம் வேறாகத்தான் இருந்தது. துருக்கிய உஸ்மானிய அரசு 1867இல் வெளிநாட்டார் காணி வாங்க அனுமதித்துச் சட்டம் இயற்றியபோது, ஹிஜாஸ் மாகாணத்தை மட்டும் விலக்கியது. ஐரோப்பியரின் ஆட்சிக்குட்பட்ட முஸ்லிம்கள் அங்கே காணி வாங்கினால், அதன் பின்னால் அந்த அரசுகளின் கன்சல்களும் வந்துவிடுவர் என்பது அதன் அச்சம். எனவே 1880களில் இந்திய முஸ்லிம்களும் ஜாவா முஸ்லிம்களும் நிலம் வாங்குவதைக் கட்டுப்படுத்த முயன்றது. வாரிசு அருகில் இல்லாமல் இறந்தவரின் பொருட்கள் பைத்துல்மாலுக்குப் போவதா, கன்சல் வழியாக ஊருக்குப் போவதா என்பதிலும் தகராறுகள் எழுந்தன. 1924இல் மக்கா இப்னு ஸஊதின் கைக்கு வந்த பின்னர், கடவுச்சீட்டும் வதிவிட அனுமதியும் படிப்படியாக முஜாவிர் என்ற பழைய நிலையையே இல்லாமலாக்கின. 2019இல் சவூதி அரேபியா புதிய சிறப்பு வதிவிட அனுமதியை அறிவித்தபோது, நிரந்தர அனுமதியின் கட்டணம் 8 இலட்சம் றியாலாக இருந்தது. இம்தாதுல்லாஹ்வால் அதைக் கட்டியிருக்க முடியாது.

நம் முன்னோரில் பெரும்பாலானோர் வேறொரு வழியைக் கண்டிருந்தனர். ஹஜ்ஜுக்குப் போனவர்கள் தங்கள் கபன் துணியை ஸம்ஸம் நீரில் நனைத்து, உலர்த்தி, மடித்து ஊருக்குக் கொண்டுவந்தார்கள். என் மூத்தம்மாவின் அலுமாரியிலும் அப்படி ஒரு துணி இருந்தது. மக்காவின் மண்ணில் அடங்க முடியாதவர்கள் மக்காவின் நீரைத் தம் ஊர் மையவாடிக்குக் கொண்டுவந்தனர். இமாம் கஸ்ஸாலி சொன்ன இரண்டாவது காரணத்தை, அந்த நூலைப் படித்திராத பெண்களும் தம் வழியில் விளங்கியிருந்தனர் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இன்று பிள்ளைகளிடம் போகும் முதியவர்களை நாம் தடுக்க வேண்டியதில்லை. ஆனால் விமானச் சீட்டு வாங்குமுன் முஜாவிர்களின் வரலாறு எழுப்பும் கேள்விகளைக் கேட்டுப் பார்க்கலாம். என் மொழியில் பேச அங்கே யார் இருக்கிறார்? கையில் வரும் பென்சன் அந்த நாட்டில் எத்தனை நாளைக்குக் காணும்? வீட்டின் கதவு என் பெயரில் திறக்குமா, மகனின் பெயரிலா? நோயும் மௌத்தும் வந்தால் எந்தக் காகிதம் கேட்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, அங்கே நான் செய்யக்கூடிய வேலை என்ன, யாருக்கு எதைக் கற்பிப்பேன்? மக்காவிலேயே இக்கேள்விகளுக்கு விடை இல்லாதவர்கள் துன்பப்பட்டார்கள். இடத்தின் சிறப்பு மட்டும் ஒரு முதியவரை வாழவைத்ததாக வரலாற்றில் நான் காணவில்லை. அவரை வாழவைத்தவர்கள் அங்கே அவருக்கு அயலவராக வாய்த்த மனிதர்கள்தான்.