பூட்டிய அறையும் பன்னிரண்டு டிஸ்க்கும்

தில்லைக் கோயிலில் தேவார ஏடுகள் கிடைத்த கதையை எங்கள் பிச்சாவரம், கிள்ளைப் பக்கம் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பக்திக் கதையாகத்தான் அது இதுவரை சொல்லப்பட்டு வந்திருக்கிறது. நான் அதைச் சேமிப்புக் கிடங்கு ஒன்றின் கதையாகப் படித்துப் பார்க்கிறேன். காரணம் என் பிழைப்புதான். சுவடிகளின் ஸ்கேன் படங்கள் இருக்கும் ஒரு சர்வரைப் பார்த்துக்கொள்வதும் என் வேலைகளில் ஒன்று.

முதலில் கதை. 14ஆம் நூற்றாண்டில் தில்லையில் வாழ்ந்த உமாபதி சிவத்தின் பெயரில் வழங்கும் திருமுறைகண்ட புராணம் இதைச் சொல்கிறது. தேவாரப் பதிகங்களைத் தேடிய சோழ மன்னன் திருநாரையூர் நம்பியாண்டார் நம்பியிடம் போகிறான். ஏடுகள் தில்லையில் ஓர் அறையில், மூவர் கையடையாளத்தோடு பூட்டிக் கிடக்கின்றன என்று தெரிகிறது. மூவரும் வந்தால்தான் திறப்போம் என்கிறார்கள் தில்லைவாழ் அந்தணர்கள். மன்னன் மூவரின் திருவுருவங்களையே கொண்டு வந்து நிறுத்துகிறான். கதவு திறக்கிறது. உள்ளே ஏட்டை மூடிக் கறையான் புற்று. எண்ணெய் ஊற்றிப் புற்றைக் கரைத்துப் பார்த்தால் பெரும்பகுதி போய்விட்டது. மூவர் பாடியவை ஒரு லட்சத்து மூவாயிரம் பதிகம் என்பது புராணக் கணக்கு. இன்று நம் கையில் இருப்பவை எண்ணூறுக்குக் கொஞ்சம் குறைவு.

அந்த மன்னன் முதலாம் ராஜராஜனா (985–1014), வேறு சோழனா என்பதில் ஆய்வாளர்களுக்குள் ஒத்த கருத்து இல்லை. கதை எழுதப்பட்டதே அவன் காலத்துக்குச் சுமார் 300 ஆண்டு கழித்து. ஆனாலும் அறையைப் பற்றிக் கதை சொல்லும் விவரம் எனக்கு முக்கியம். கதவில் இருந்த அடையாளம் ‘இது யாருடையது’ என்று மட்டும் சொன்னது. உள்ளே என்ன இருக்கிறது, எத்தனை கட்டு, எது நல்ல நிலையில் இருக்கிறது என்று சொல்லவில்லை. பூட்டு மனிதர்களைத் தடுத்தது, கறையானைத் தடுக்கவில்லை.

இப்போது என் பெட்டிக்கு வருகிறேன். சர்வரோடு இணைந்த டிஸ்க் பெட்டியில் முன்பக்கம் பன்னிரண்டு ஸ்லாட், ஒவ்வொன்றிலும் ஒரு ஹார்ட் டிஸ்க். ஒன்று செத்தாலும் மற்றவற்றிலிருந்து தகவலைத் திரும்பக் கட்டிக்கொள்ளும் முறைக்கு ரெய்டு என்று பேர். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பேட்டர்சன், கிப்சன், கேட்ஸ் என்ற மூவர் 1988இல் வெளியிட்ட கட்டுரையில்தான் அந்தப் பெயர் வந்தது. (இங்கேயும் மூவர்!)

ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. ரெய்டு 5 என்ற வகை ஒரு டிஸ்க் போனால் தாங்கும். இரண்டு போனால் தாங்காது. ஒரு டிஸ்க் கெட்டுவிட்டது என்று சர்வர் சொல்கிறது. சரி, பன்னிரண்டில் எது? தவறிப்போய் நல்ல டிஸ்க்கை உருவிவிட்டால் கெட்டது ஒன்று, உருவியது ஒன்று, மொத்தத் தொகுப்பும் படுத்துவிடும். லினக்ஸ் கொடுக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி போன்ற பெயர்களை நம்ப முடியாது. எந்த டிஸ்க் முதலில் கண்ணில் பட்டதோ அதற்கு முதல் எழுத்து. சர்வரை அணைத்துப் போட்டால் வரிசை மாறலாம். நம்பக்கூடியது டிஸ்க்கின் மேலேயே அச்சடித்திருக்கும் சீரியல் எண். கெட்ட டிஸ்க்கின் சீரியல் எண்ணை எடுத்து, அது எந்த ஸ்லாட்டில் இருக்கிறது என்று பெட்டியிடம் கேட்டு, அந்த ஸ்லாட்டின் விளக்கை மினுக்கச் செய்து, பிறகுதான் கை வைக்க வேண்டும். விளக்கு வேலை செய்யாத பழைய பெட்டி என்றால், உயிரோடு உள்ள டிஸ்க்குகளை எல்லாம் விடாமல் படிக்க வைத்து, எது மினுக்காமல் இருக்கிறது என்று பார்ப்போம். உருவிய பிறகும் மேலே உள்ள எண்ணை ஒருமுறை ஒத்துப் பார்ப்பது நல்லது.

ஆக ஒரு டிஸ்க்குக்கு இரண்டு அடையாளம் வேண்டும்: அது எங்கே இருக்கிறது, அது எது. இரண்டையும் சேர்த்து எழுதி வைத்தால்தான் பிரதி எடுத்ததற்குப் பயன்.

இதைச் சோழர் காலத்தில் ஒருவர் செய்துதான் வைத்திருக்கிறார். தேவாரம் அந்த அறைக்குள் மட்டும் இருந்ததில்லை. 9ஆம் நூற்றாண்டுப் பல்லவர் கல்வெட்டு ஒன்றிலேயே, திருவல்லத்தில், திருப்பதியம் பாடுவோர் பற்றிய செய்தி வருகிறது. ராஜராஜன் தஞ்சைப் பெரிய கோயிலில் பதிகம் பாட 48 பேரையும், உடுக்கை, கொட்டிமத்தளம் வாசிக்க இரண்டு பேரையும் அமர்த்தினான். ஆளுக்கு தினம் மூன்று குறுணி நெல். ‘நாற்பத்தெட்டுப் பேர்’ என்று மொத்தமாகச் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஒவ்வொருவர் பெயரும் கல்லில் இருக்கிறது. பலருக்கு இயற்பெயரோடு ‘ஆன’ என்று சேர்த்துத் தீட்சைப் பெயரும் உண்டு.

அடுத்து வருவதுதான் என்னை நிறுத்திய இடம். அவர்களில் ஒருவர் இறந்தாலோ ஊரைவிட்டுப் போனாலோ, அவருக்கு அடுத்த உரிமைக்காரர் அந்த நெல்லைப் பெற்றுக்கொண்டு பாட வேண்டும். அவருக்குத் தகுதி இல்லை என்றால், தகுதியான வேறொருவரை அமர்த்திப் பாட வைக்க வேண்டும். இடம் காலியாக இருக்கக்கூடாது, தகுதியில்லாதவர் உட்காரவும் கூடாது. மாற்று டிஸ்க் வைப்பதற்கு நாங்கள் எழுதி வைக்கும் விதியும் இதேதான், இல்லீங்களா?

தில்லையிலேயே இதற்கு இன்னொரு சாட்சி உண்டு. கிழக்கு, மேற்குக் கோபுர வாசல்களில் 108 கரணச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். சிற்பங்களோடு நாட்டிய சாஸ்திர வரிகளைக் கிரந்த எழுத்தில் வெட்டியிருக்கிறார்கள். அதனால்தான் எந்தச் சிற்பம் எந்தக் கரணம் என்று பின்னால் வந்தவர்களால் சொல்ல முடிந்தது. பெயர் பொருளோடு சேர்ந்தே இருந்தது. அதே கோயிலின் ஏட்டறைக்கு அப்படி ஒரு பட்டியல் இருந்ததாகக் கதை சொல்லவில்லை.

போனது போனதுதானா என்றால், முழுக்க அப்படியும் இல்லை. திருவாரூர்ப் பக்கம் திருவிடைவாய்க் கோயிலில் சம்பந்தரின் பதிகம் ஒன்று கல்லில் வெட்டியிருந்தது. ஏட்டுத் தொகுப்புகளில் இல்லாத அந்தப் பதிகம் 20ஆம் நூற்றாண்டில் கல்வெட்டுப் படியெடுத்தவர்கள் வழியே நமக்குத் திரும்ப வந்தது. அது மீண்டதற்கு இரண்டு காரணம்: வேறொரு இடத்தில், வேறொரு பொருளில் பிரதி இருந்தது, எந்தத் தலத்துக்கு உரியது என்பதைப் பதிகமே சொன்னது.

பிச்சாவரம் சோழனார் பற்றி எங்கள் ஊரில் ஒரு பேச்சு உண்டு. தில்லைக் கோயிலின் சாவி இரவில் அவர்கள் அரண்மனைக்கு வரும், காலையில் திரும்பப் போகும் என்பார்கள். வரலாறாக அதை நான் முன்வைக்கவில்லை. ஆனால் அந்தப் பேச்சில் உள்ள சாவி தினமும் ஒருமுறை பூட்டைத் திறக்கிறது. புராணத்தில் வரும் அறையைத்தான் ஆண்டுக்கணக்கில் யாரும் திறக்கவில்லை.

என் பெட்டியின் கதவில் இப்போது ஒரு தாள் ஒட்டியிருக்கிறது: ஸ்லாட் எண், சீரியல் எண், மாட்டிய தேதி, கடைசியாக முழுவதும் படித்துச் சரிபார்த்த தேதி. அதே தாளின் நகல் வேறொரு கட்டடத்தில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருக்கிறது. உங்கள் வீட்டில் தாத்தாவின் சுவடிக் கட்டோ, பழைய படங்கள் இருக்கும் ஹார்ட் டிஸ்க்கோ இருந்தால், இந்த வாரம் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று மேலே எழுதி ஒட்டுங்கள்.