நிலக்கடலையும் செடிப்பேனும்

நாம் கச்சான் என்று வழங்கும் நிலக்கடலை தென் அமெரிக்காவைத் தாயகமாகக் கொண்டது. கடல் கடந்து ஆபிரிக்காவை அடைந்த இப்பயிர், தன் பிறந்த மண்ணில் அறிந்திராத ஒரு பகையை அங்கே எதிர்கொண்டது. இலைகள் சிறுத்து, கணுக்கள் நெருங்கி, செடி குறுகி ஒரு கொத்தாகிவிடும். இளம் பருவத்தில் இந்நோய் கண்ட செடி காய்ப்பது அரிது. ரோசெற் என்னும் இந்நோயை, 1907ஆம் ஆண்டில், அன்று ஜேர்மனியர் ஆண்ட கிழக்கு ஆபிரிக்காவிலிருந்து சிம்மர்மன் என்னும் அறிஞர் விவரித்தார்.

நோயைப் பரப்புவது எது? 1928இல் தென் ஆபிரிக்காவில் ஆராய்ந்த ஸ்டோரி, பொட்டொம்லி என்னும் இருவர் இதற்கு விடை கண்டனர். செடியின் சாற்றை உறிஞ்சி வாழும் கரிய செடிப்பேனே நோயைச் சுமந்து செல்கின்றது. விதை வழியே இந்நோய் பரவுவதில்லை. எனவே செடிப்பேன் வந்திறங்குவதைக் குறைத்தால் நோயும் குறையும் என்பது தெளிவாயிற்று.

இதற்கு உழவன் கையிலிருந்த கருவிகள் இரண்டு: விதைக்கும் நாள், விதைக்கும் இடைவெளி. முதல் மழையோடு விதைத்தால், செடிப்பேன் பெருகிப் பறக்கும் காலத்துக்கு முன்பே பயிர் முதிர்ந்துவிடும். நெருக்கி விதைத்தால் இலைகள் விரைவில் நிலத்தை மூடிவிடும். வெறும் மண்ணின் நடுவே தனித்துத் தெரியும் பசுஞ்செடியே சிறகுள்ள பேனை ஈர்க்கின்றது. மண் மறைந்தால் அது இறங்குவதும் குறைகின்றது. 1960களில் வட நைஜீரியாவில் நடந்த ஆய்வுகள் இவ்விரு முறைகளின் பயனையும் உறுதிப்படுத்தின.

அவ்வாறாயின், அறிந்த வழியை உழவர் ஏன் கைக்கொள்ளவில்லை? அவர்களைச் சோம்பேறிகள் என்று பழிப்பது எளிது, ஆனால் நியாயமன்று. முதல் மழை பெய்ததும் அவர்கள் விதைப்பது கம்பும் சோளமுமே. அவை வீட்டார் உண்ணும் உணவு. நிலக்கடலையோ சந்தைக்குப் போவது. உணவுப் பயிருக்கு உழைத்து மிஞ்சிய நாள்களே நிலக்கடலைக்குக் கிடைத்தன. நெருக்கி விதைப்பதற்கோ விதை மிகுதியாக வேண்டும். அந்த விதையும் உண்ணத்தக்கது, விற்கத்தக்கது. பஞ்சம் நெருங்கும் மாதத்தில் அதனை மண்ணில் இடுவது எவருக்கும் எளிதன்று.

கானோ நகரின் புறத்தே ஒருகாலத்தில் நிலக்கடலை மூட்டைகள் கூம்புக் கோபுரங்களாக அடுக்கப்பட்டு நின்றன. 1970களின் தொடக்கத்தில் வறட்சி வந்தது. பின்னர் 1975இல் ரோசெற் நோய் பெருகி, நைஜீரியாவில் ஏறத்தாழ 7 இலட்சம் ஹெக்டேயர் நிலக்கடலையை அழித்தது. பெற்றோலியத்தின் பெருவருவாய் அரசின் கவனத்தை உழவிலிருந்து விலக்கிய காலமும் அதுவே. அக்கோபுரங்கள் மறைந்தன.

பிற்காலத்து ஆய்வாளர் உழவரின் இடர்ப்பாட்டையே தொடக்கமாகக் கொண்டனர். நோயைத் தாங்குவதோடு விரைவில் விளையும் வகைகளும் தேவை எனக் கண்டனர். மழைக்காலம் குறுகிய நிலங்களில் நீண்டகால வகைகள் பயன்படமாட்டா. 2001இல் நைஜீரியாவில் அத்தகைய வகையொன்று வெளியிடப்பட்டது. ஆயினும் நல்ல விதை உழவன் கையை அடையவேண்டும். விதைக்கும் நாளும் நெருக்கமும் அப்போதும் கவனிக்கத்தக்கனவே.

செலவில்லாத முறை என்று நாம் கூறுவதற்கும் ஒரு விலை உண்டு. அது பணமாக அன்றி, நாளாகவும் விதையாகவும் கேட்கப்படுகின்றது. உழவனுக்கு அறிவுரை கூறப் புகுவோர், அவ்விலையை அவனால் கொடுக்க இயலுமா என்பதை முதலில் கேட்டறிதல் வேண்டும்.